ஆஸ்கார் வென்றால் சிலை ஸ்டுடியோவுக்கா?

"ஆஸ்கார் வாங்கிய கிராஃபிக்ஸில் என் தம்பி வேலை செய்தான், விருதில் அவனுக்கும் பங்கு உண்டா?" என்று பென்னாகரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

சிலை ஸ்டுடியோவுக்கே கிடையாது. பெரும்பாலும் நான்கு தனிநபர்களுக்குத்தான். வேலையோ பல ஸ்டுடியோக்களுக்குப் பிரிந்து போகும். ஒகேனக்கல் பரிசல் காட்சி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: பாதுகாப்புக் கயிற்றை அழிப்பவர் ஒருவர், நடிகரின் உருவத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்தெடுப்பவர் ஒருவர், அருவிச் சாரலை உருவாக்குபவர் ஒருவர், எல்லாவற்றையும் ஒளி பிசகாமல் சேர்ப்பவர் இன்னொருவர். நால்வரும் நான்கு ஊர்களில் இருக்கலாம்.

'லைஃப் ஆஃப் பை' 2013-இல் இவ்விருதை வென்றது. அதன் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ, விழாவுக்குச் சில நாட்கள் முன்புதான் திவால் மனு கொடுத்திருந்தது. கொடுமைதான்.

தம்பியின் பெயர் படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் போதாமல் விடுபடுவதும் உண்டு.