செம்பருத்தி சோப்பு ஏன் பழுப்பாகிப் போனது?

கேள்வி: தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், காஸ்டிக் சோடா வைத்து வீட்டில் சோப்பு செய்கிறேன். கடைச் சாயம் வேண்டாமென்று ஒன்றில் செம்பருத்திச் சாறும் இன்னொன்றில் பீட்ரூட் சாறும் விட்டேன். இரண்டுமே பழுப்பாகிவிட்டன. மஞ்சளாவது நிற்குமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, சகோதரி. அந்தச் சிவப்பு புளிப்பில் நிற்கும், காஸ்டிக் சோடா மாதிரியான காரத்தில் நிற்காது. செம்பருத்திச் சாற்றில் சலவைச் சோடா கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். கண்ணெதிரே பச்சையடித்து மங்கிவிடும். சங்குப்பூவுக்கும் இதே கதிதான்.

மஞ்சள் நிற்கும். ஆரத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் தண்ணீர் சிவக்கிறதே, அதையேதான் காஸ்டிக் சோடாவும் செய்யும். கலவை செங்கல் நிறமானதும் பயந்து கொட்டிவிடாதீர்கள். நாலிலிருந்து ஆறு வாரம் காயும்போது காரம் தணிந்து பொன்மஞ்சளுக்கு வரும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் தாராளம். கூடினால் துண்டில் கறை படியும். பொடியை அப்படியே தூவினால் புள்ளி விழும். அளந்து வைத்த எண்ணெயிலேயே கொஞ்சம் எடுத்து, வெதுவெதுப்பாக்கி, பொடியை ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிச் சேருங்கள். தனியாக எண்ணெய் எடுத்தால் காஸ்டிக் சோடாக் கணக்கு தப்பும், அதில் மட்டும் கவனம். காயும் கட்டிகளை ஜன்னலோரம் அடுக்காதீர்கள், வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும்.

சிவப்புதான் வேண்டுமென்றால் மஞ்சிட்டி வேர்ப்பொடியை இதே மாதிரி எண்ணெயில் ஊறவையுங்கள். நீலத்துக்கு அவுரி. தலைக்குப் பூசும் இலைப்பொடியில் தெளிவான நீலம் வராது. இலையை ஊறவைத்து எடுத்த நீலக்கட்டியைப் பொடித்து, கத்திமுனையளவு போட்டாலே போதும். வேப்பிலை, முருங்கையிலைப் பொடிகளின் பச்சை சீக்கிரம் காக்கியாகிவிடும், அதனால் எனக்கு அவற்றில் மனம் ஒட்டவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தேநீர் போடும் நம் தென்னாப்பிரிக்க மூலிகை இலையான ரூயிபோஸ்தான். செடர்பெர்க் மலைப்பக்கம் விளைகிற இந்த இலையைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, முழுக்க ஆறவிடுங்கள். தண்ணீருக்குப் பதில் இதை எடுத்து, காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இதில் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் ஆகாது, சோடா அதை அரித்துவிடும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். கிடைப்பது பழுப்புதான், ஆனால் நாமே கேட்டு வாங்கிய நல்ல பழுப்பு.

இன்னொன்று. டர்பன் கோடையில், சோப்பில் தானாகவே உண்டாகும் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, கட்டி வியர்க்கும். காற்று வறண்டிருக்கும் ஜூன், ஜூலையில் செய்தால் கட்டி நன்றாகக் காயும்.