தக்காளி விலைப் பக்கம் போனில் திறக்க நேரமாகிறது: ஃப்ரேம்வொர்க்கை மாற்றலாமா?

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் உறவினருக்காக, தினசரி விலை காட்டும் இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். முதலில் ரியாக்டில் எழுதினேன், அப்புறம் வியூவில் மாற்றி எழுதினேன் (இரண்டும் ஃப்ரேம்வொர்க்குகள், அதாவது ஜாவாஸ்கிரிப்டில் பக்கம் கட்ட உதவும் கருவிகள்). என் லேப்டாப்பில் உடனே திறக்கிறது. பஞ்சப்பள்ளிப் பக்கத்து விவசாயிகளோ, போனில் வெகுநேரம் வெள்ளையாகவே நிற்கிறது என்கிறார்கள். அதே வகையைச் சேர்ந்த ஸ்வெல்ட்டுக்கு மாறலாமா? வேலைக்கு எதைப் படிப்பது நல்லது?
- தருமபுரி வாசகர்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மூன்றாவதாக ஒன்றில் எழுதினாலும் அந்த வெள்ளைத் திரை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். கோளாறு பக்கம் கட்டப்படும் முறையில் இருக்கிறது.

குரோமில் உங்கள் பக்கத்தைத் திறந்து, ரைட் கிளிக் செய்து 'வியூ பேஜ் சோர்ஸ்' கொடுங்கள். ஒரு காலி டிவ் (உள்ளே எதுவும் இல்லாத பெட்டி), ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் காட்டும் ஒரு ஸ்கிரிப்ட் டேக், அவ்வளவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். தக்காளி என்ற சொல்லே அதில் இருக்காது. போன் முதலில் இந்த எச்டிஎம்எல்லை வாங்குகிறது. அதைப் படித்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கேட்கிறது. அது முழுதாக இறங்கி, ஓடத் தொடங்கிய பிறகே விலையைக் கேட்டு சர்வருக்குப் போகிறது. அந்தப் பதிலும் வந்தால்தான் திரையில் முதல் எழுத்து விழும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இந்த மூன்று நடையும் கண்ணுக்கே தெரியாது. சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் இடத்தில் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. போன் பழையது என்றால், இறங்கிய கோப்பை ஓட்டவே தனியாக நேரம் பிடிக்கும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். குரோமிலேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் 'டிசேபிள் கேஷ்' டிக் செய்து, வேகத்தை 3ஜிக்குக் குறையுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு வேகத்தையும் ஆறில் ஒரு பங்காக்குங்கள். இதைவிட நல்ல சோதனை, ஒரு விவசாயியின் போனையே யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, குரோமின் இன்ஸ்பெக்ட் வசதி வழியாகப் பார்ப்பது. கூகுள் சொல்லும் அளவுகோல்படி, பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும்.

அடுத்தது எடை. ரியாக்டில் பக்கத்தைத் திரையில் வரையும் பகுதியான ரியாக்ட் டாம், சுருக்கிய நிலையிலும் 40 கேபிக்கு மேல் வரும். ஸ்வெல்ட், நீங்கள் எழுதியதை பில்ட் நேரத்திலேயே, அதாவது வெளியிடத் தயாராக்கும்போதே, சாதாரண ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிவிடுவதால், சின்னப் பக்கங்களில் கோப்பு சிறிதாகும். அது உண்மையான லாபம்தான். ஆனால் இந்த மாதிரிப் பக்கங்களில் பெரிய சுமை வேறு இடத்தில் இருப்பதையே நான் அடிக்கடி பார்க்கிறேன்: தேதி காட்ட மொமென்ட் என்ற லைப்ரரி, ஒற்றைக் கோட்டு வரைபடத்துக்கு முழு சார்ட் லைப்ரரி. புதிய வசதி எதுவும் சேர்க்கப் போவதில்லை என்று மொமென்ட்டை உருவாக்கியவர்களே 2020இல் அறிவித்துவிட்டார்கள். தேதியையும் எண்ணையும் அந்தந்த மொழி வழக்கில் காட்ட, பிரவுசரிலேயே இருக்கும் இன்டில் வசதி போதும்; தமிழில் தேதியும் வரும், லட்சக் கணக்கில் கமாவும் விழும். 'வீட்' கருவியில் பில்ட் கொடுத்தால் ஒவ்வொரு கோப்பின் அளவையும் டெர்மினலில் காட்டும். அதைப் படிக்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

சரி, என்ன செய்வது? மண்டியில் காலையில் விலை முடிவானதும் உங்கள் உறவினர் அதை உள்ளிடுகிறார். அந்த நேரத்திலேயே விலை அட்டவணையோடு எச்டிஎம்எல்லைத் தயாரித்து வைத்துவிடுங்கள். வியூவில் எழுதியதை நக்ஸ்ட் என்ற துணைக் கருவி வழியாக இப்படிச் செய்யலாம், ரியாக்டுக்கு நெக்ஸ்ட் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்துக்கு ஆஸ்ட்ரோ என்ற ஃப்ரேம்வொர்க்கை எடுப்பேன். நீங்களாகக் கேட்டால் ஒழிய அது ஜாவாஸ்கிரிப்டை போனுக்கு அனுப்பாது. கிரேட் (தக்காளிப் பெட்டி) விலையைக் கிலோ விலையாக்கும் கணக்குக்கு மட்டும் சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

சிக்னல் இல்லாதபோதும் திறக்கட்டும் என்று சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்தைப் போனில் சேமித்து வைத்துக் காட்டும் பின்னணி ஸ்கிரிப்ட்) போட ஆசை வரும். போடுங்கள், ஆனால் நெட்வொர்க்கை முதலில் கேட்டு, கிடைக்காவிட்டால் மட்டுமே சேமித்ததைக் காட்டும்படி எழுதுங்கள். எந்தத் தேதி விலை என்பதை அட்டவணைக்கு மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த விலையைப் பார்த்துத்தான் இன்று பறிக்கலாமா, நாளைக்கு விடலாமா என்று ஒருவர் முடிவு செய்கிறார். நேற்றைய விலை இன்றைய விலைபோலத் தெரிந்தால் அவருக்குக் கைக்காசு போகும்.

ஸ்வெல்ட்டைப் பழக வேண்டும் என்ற ஆர்வத்தை விட்டுவிட வேண்டாம். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் தனி பிராஞ்ச் (தனிக் கிளை) போட்டு, விலை அட்டவணை, ஊர்வாரித் தேடல் இரண்டை மட்டும் அதில் எழுதுங்கள். அதே தரவு, அதே போன், அதே 3ஜி வேகம். கோப்பு அளவையும் முதல் எழுத்து தெரிய ஆன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வந்து ஒரு சின்ன மாற்றம் செய்து பாருங்கள். நீங்கள் எழுதிய நிரலே உங்களுக்குப் புரிகிறதா என்பதும் சோதனைதான்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். ஃப்ரேம்வொர்க்குகள் வந்து போகும். 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க்குக்கு ஆதரவு 2021 டிசம்பரோடு நின்றது. வியூவின் இரண்டாம் பதிப்புக்கு 2023 டிசம்பரில் முடிந்தது. ரியாக்ட் பழகியவர்கள் பலரும் முதலில் தொட்ட, புதுத் திட்டம் தொடங்க உதவும் கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025இல் ரியாக்ட் குழுவே கைவிட்டது. அதனால் ப்ராமிஸ், ஃபெட்ச், ஈவென்ட், மாட்யூல் போன்ற அடிப்படைகளை ஃப்ரேம்வொர்க் இல்லாமல் எழுதும் அளவுக்கு ஜாவாஸ்கிரிப்டில் கை படியட்டும். அதன் மேல் ரியாக்டை ஆழமாகப் படியுங்கள். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை தேடினால் அதைத்தான் அதிகம் கேட்பார்கள். நேர்காணலில் இந்தத் தக்காளிப் பக்கத்தையே காட்டுங்கள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளோடு.