முதலில் தன் பதிவேட்டைத் திறங்கள்

கேள்வி: கோட்ட அளவிலான ஓர் அரசுக் கள அலுவலகத்தில் மூன்று மாதமாகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். இருபது பேர் வேலை பார்க்க வேண்டிய இடத்தில் பதினாறு பேர்தான் இருக்கிறோம். பயணப்படி வரவில்லை, ஜீப் கிடைக்கவில்லை என்று களப்பணியாளர்கள் என்னிடம்தான் சண்டைக்கு வருகிறார்கள். யாரிடம் எதைக் கேட்டாலும் "அது என் சீட் இல்லை மேடம்" என்கிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் நானே செய்து முடித்துவிட்டு இரவு எட்டு மணிக்குக் கிளம்புகிறேன். அலுவலரிடம் திட்டு வாங்குவதும் நான்தான். இடமாறுதல் கேட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தமிழ்நாடு

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் "நானே செய்து முடித்துவிட்டு" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பில் சீட்டுக்காரர், அதாவது பில் போடும் பொறுப்பில் இருப்பவர், போட வேண்டிய பட்டியலை (பில்லை) நீங்கள் போட்டால் அன்றைக்கு ஒரு பட்டியல் கருவூலத்துக்குப் போகும். அந்த நேரத்தில் மற்ற சீட்டுகளில் என்ன தேங்குகிறது என்று பார்க்க அலுவலகத்தில் வேறு ஆள் கிடையாது. நீங்கள் அங்கே இருப்பதே அதைப் பார்ப்பதற்குத்தான்.

நாளை காலை எல்லா சீட்டின் தன் பதிவேட்டையும், அதாவது தனக்கு வந்த தபால்களை ஒவ்வொருவரும் பதிந்து வைக்கும் பதிவேட்டை, உங்கள் மேசைக்கு வரவழையுங்கள். பக்கத்தில், எந்தத் தபால் எந்த சீட்டுக்குப் போனது என்று எழுதும் பகிர்மானப் பதிவேட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டுக்குக் கொடுத்ததாகப் பகிர்மானத்தில் ஒரு எண் இருக்கும், அந்த சீட்டின் தன் பதிவேட்டில் அது ஏறியிருக்காது. அந்த எண்களை மட்டும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஏறிய தபால் தாமதமானால் கண்ணுக்குத் தெரியும், நினைவூட்டு போடலாம். ஏறாத தபாலைத் தேட யாருக்கும் தோன்றாது.

இது எனக்கு ஒரு மேசை இழுப்பறை சொல்லிக்கொடுத்த பாடம். நான் கண்காணிப்பாளராகப் போன புதிதில், மாறுதலாகிப் போன ஓர் உதவியாளரின் மேசையைக் காலி செய்தோம். இழுப்பறையின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கினால், அதற்குக் கீழே பதினொரு தபால்கள். அதில் ஒன்று இன்லண்ட் கடிதம், குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஓர் அம்மா எழுதியது. மடிப்பில் மை கலைந்திருந்தது. அந்த அம்மாவை எனக்கு முகம் தெரியும். மாதம் இரண்டு முறை வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "நடவடிக்கையில் இருக்கிறதம்மா" என்று நானே இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை வெள்ளிக்கிழமை பிற்பகல் தன் பதிவேடு பார்க்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.

தபால் பிரிக்கும் இடத்திலும் ஒரு மாதம் உங்கள் கண் இருக்கட்டும். எல்லாக் காகிதத்திலும் அன்றைய தேதி முத்திரை விழுகிறதா என்று பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வேறு அலுவலகத்துக்கு உரியதென்றால் 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும். தகுந்த காரணமில்லாமல் தாமதமானால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ.250 வீதம் ரூ.25,000 வரை தண்டம் விதிக்க இடமுண்டு. முத்திரை இல்லாத மனுவுக்கு அந்த 30 நாட்களை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவீர்கள்? அந்த மனுக்களுக்குத் தனிப் பதிவேடு வைத்துக் கெடு தேதியைச் சிவப்பில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது பயணப்படி. கைக்காசைப் போட்டு பஸ் ஏறி வெயிலில் அலைந்துவிட்டு வருகிறவர்கள் கோபப்படுகிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. முதலில், பட்டியல் எங்கே நிற்கிறது என்று பிரித்துப் பாருங்கள். நிதி ஒதுக்கீடு தீர்ந்துபோயிருந்தால் பில் சீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூடுதல் ஒதுக்கீடு கேட்டு இப்போதே எழுதுங்கள். மார்ச் 31 தாண்டினால் அந்த ஆண்டின் ஒதுக்கீடு போனதுதான். எழுதிய கடிதத்தின் நகலைக் களப்பணியாளர்களிடம் காட்டுங்கள், பாதிக் கோபம் அங்கேயே இறங்கும். ஒதுக்கீடு இருந்தும் கருவூலம் திருப்புகிறது என்றால், ஆறு மாதமாகத் திரும்பி வந்த பட்டியல்களின் ஆட்சேபணைக் குறிப்புகளை ஒன்றாக அடுக்குங்கள். நான் அப்படி அடுக்கியபோது திரும்பத் திரும்ப நான்கே தவறுகள்தான் வந்தன: பயண நாட்குறிப்பில் ஒப்புதல் கையொப்பம் இல்லை, செலவை எழுதும் கணக்குத் தலைப்பு தவறு, நாட்குறிப்பிலும் பட்டியலிலும் தேதி வேறு வேறு, கூட்டலில் பிழை. அந்த நான்கையும் பில் சீட்டின் எதிர்ச்சுவரில் ஒட்டினோம். இன்றைக்கு எல்லாம் கணினியில் ஏறுகிறது என்றாலும், ஒப்புதல் இல்லாத நாட்குறிப்பு ஒப்புதல் இல்லாததுதானே.

"என் சீட் இல்லை" என்கிறவர்களிடம் கோபப்படாதீர்கள். நான்கு இடம் காலியாக இருக்கும் அலுவலகத்தில் அது பல நேரம் உண்மையாகவே இருக்கும். காலி சீட்டின் வேலையை யார் பார்ப்பது என்று வாய்ச்சொல்லாக விட்டிருப்பார்கள். எந்த வேலை யாருக்கு, அவர் விடுப்பில் போனால் யார் என்று பணிப்பங்கீட்டு ஆணை தயாரித்து, அலுவலரிடம் கையொப்பம் வாங்கி, எல்லோரிடமும் பார்வையிட்டதற்கு ஒப்பம் பெறுங்கள். வயதில் மூத்தவர்களிடம் ஆணையைக் கொடுக்குமுன் தனியாக உட்கார்ந்து, "சார், இதில் உங்களால் முடியாதது எது?" என்று கேளுங்கள். சொல்வார்கள். அதன்படி ஒன்றிரண்டை மாற்றியும் கொடுங்கள்.

ஜீப்புக்கு, திங்கட்கிழமை காலையில் அந்த வாரப் பயணத் திட்டத்தை வாங்கி, பஸ் போகாத ஊருக்குப் போகிறவருக்கு முதலிடம் என்று அலுவலரிடமே முடிவு வாங்கிவிடுங்கள். ஜீப்பின் ஓட்டத்தைப் பதியும் லாக் புக்கில் போனவர் அன்றே கையொப்பம் போடட்டும். வாரக் கடைசியில் யாருக்காகவும் நீங்கள் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். தணிக்கையில் அந்தக் கையெழுத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அலுவலர் கடிந்துகொள்கிறார் என்றீர்கள். எது எங்கே நிற்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை தன் பதிவேடு பார்த்து முடித்ததும் ஒரே பக்கத்தில் நிலுவைப் பட்டியல் எழுதி, அவர் கேட்பதற்கு முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் மேசையிலேயே நிற்கும் கோப்புகளையும் அதில் மரியாதையோடு சேர்த்து எழுதுங்கள்.

இடமாறுதல் இப்போது கேட்க வேண்டாம். இன்று கேட்டால், எந்த சீட்டில் எத்தனை நிலுவை என்று தெரியாமலேயே அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டிவரும். ஆறு வெள்ளிக்கிழமை இப்படிப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போதும் எட்டு மணிக்குத்தான் கிளம்புகிறீர்கள் என்றால், இடமாறுதல் மனுவை எப்படி எழுதுவது என்று நானே சொல்லித் தருகிறேன்.