பாதியில் நிறுத்தப்பட்ட பரதன் கதை

கேள்வி: பதினான்கு வருடம் எங்களோடு வாழ்ந்த நாய் போன மாதம் இறந்துவிட்டது. கடைசி மூன்று வாரம் படுத்த படுக்கை. தியானத்தில் உட்கார்ந்தால் அதன் முகம்தான் வருகிறது, அழுதுவிடுகிறேன். எங்கள் சத்சங்கத்தில் ஒரு பெரியவர், "மான்குட்டியிடம் மனதைக் கொடுத்த பரதன் கதி என்ன ஆயிற்று? ஒரு மிருகத்துக்காக இப்படி உடைந்துபோகிறவருக்கு ஆன்மபலம் எங்கிருந்து வரும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். விலங்கிடம் வைக்கும் அன்பு ஆன்மிகத்துக்குத் தடையா? இன்னொரு நாய் வளர்க்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தடை இல்லை. அந்தப் பெரியவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். முழுக்கச் சொல்லியிருந்தால் அது உங்களைக் குத்தியிருக்காது.

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் கதை. ராமனின் தம்பி பரதன் இல்லை, இவர் வேறு. அரசைத் துறந்து கண்டகி ஆற்றங்கரையில் தவம் இருக்கிறார் பரதன். சிங்கத்தின் கர்ஜனைக்கு மிரண்டு ஆற்றைத் தாண்டுகிறது ஒரு சினைமான். குட்டி நழுவித் தண்ணீரில் விழுகிறது, தாய் செத்துப்போகிறது. குட்டியை எடுத்து வந்து வளர்க்கிறார். நாளாக ஆக பூஜையும் நியமங்களும் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. குட்டி சற்று நேரம் கண்ணில் படாவிட்டால், காசைத் தொலைத்த கருமி மாதிரித் தவித்துப்போகிறார். அதே நினைப்பில் உயிர்விட்டு, மானாகப் பிறக்கிறார். பிரசங்கங்களில் பெரும்பாலும் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

அடுத்த பிறவியில் அவர் ஜடபரதர். பார்ப்பவர்களுக்கு மந்தம், உள்ளே பூரண ஞானி. ரகூகணன் என்ற அரசனின் பல்லக்குக்கு ஆள் குறைய, திடகாத்திரமாக இருந்த இவரைப் பிடித்துத் தோள் கொடுக்க வைக்கிறார்கள். இவரோ எறும்பு, பூச்சி எதுவும் மிதிபடாதபடி முன்னால் தரையைப் பார்த்துப் பார்த்து அடி வைக்கிறார். மற்றவர்கள் நடைக்கு இவர் நடை ஒத்துவரவில்லை. பல்லக்கு குலுங்குகிறது. அரசன் கேலி பேசுகிறான், திட்டுகிறான், தண்டிப்பேன் என்று மிரட்டுகிறான். இவர் முகத்தில் சலனமே இல்லை. பிறகு இவர் வாய் திறந்து பேசியதைக் கேட்டு, அரசன் பல்லக்கிலிருந்து இறங்கிக் காலில் விழுகிறான்.

மானால் ஒரு பிறவி தவறியவர் அவர். உயிர்களோடு ஒட்டு உறவே வேண்டாம் என்பதுதான் பாடம் என்றால், ஞானம் கனிந்தபின் எறும்பை ஏன் பார்க்கப் போகிறார்? அரசனின் கோபம் அவரை ஒரு துளி அசைக்கவில்லை. காலடியில் ஊர்ந்த எறும்பு அவர் நடையையே மாற்றியது. உள்வலிமைக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் பரதன் சறுக்கியது எங்கே? குட்டியைத் தண்ணீரிலிருந்து தூக்கியதில் இல்லை. 'அதற்கு என்ன வேண்டும்' என்பது போய் 'அது இல்லாமல் எனக்கு ஆகாது' என்று ஆனதே, அங்கேதான். இந்தச் சறுக்கல் இன்றைக்கும் உண்டு. மூச்சுவிடவே திணறும் பிராணியை, மருத்துவர் கைவிரித்த பிறகும், தன் மனம் தாங்காது என்பதற்காக நாள்கணக்கில் இழுத்துப் பிடித்து வைப்பார்கள். கடைசி ஊசி போடும் நேரத்தில் "என்னால் பார்க்க முடியாது" என்று வெளியே போய்விடுவார்கள். உள்ளே, அறிமுகமில்லாத கைகளுக்கு நடுவில், அது பழகிய குரலைத் தேடிக்கொண்டிருக்கும். தன் வேதனையை மட்டுமே பார்க்கிற அன்பு இது.

நீங்கள் மூன்று வாரம் கூடவே இருந்திருக்கிறீர்கள். படுக்கையில் விழுந்த பெரிய உயிரைப் பராமரிப்பது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போடாவிட்டால் இடுப்பெலும்பு உறுத்தும் இடத்தில் புண் வந்துவிடும். நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும். தண்ணீரை நேராக ஊற்றினால் புரையேறும். ஊசி இல்லாத சிரிஞ்சை வைத்து, கடைவாய் ஓரமாகத் துளித்துளியாக, அது விழுங்குகிறதா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து விட வேண்டும். நடுராத்திரியிலும் எழுந்து இதைச் செய்தவரிடம் ஆன்மபலம் எங்கே என்று கேட்பது அறியாமை. எல்லார் முன்னாலும் கேட்டது கொடுமையும்கூட.

ரமண மகரிஷியைப் பற்றற்றவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆசிரமத்துப் பசு லட்சுமி 1948 ஜூன் 18 அன்று உயிர் பிரியும் நிலையில் இருந்தபோது, அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கையைத் தலையிலும் மறு கையை மார்பிலும் வைத்திருந்தார். 1922-இல் தாயார் அழகம்மாள் உயிர் பிரிந்தபோதும் இப்படித்தான் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பெற்ற தாய்க்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று அவரிடம் இரண்டு விதம் இருக்கவில்லை. லட்சுமிக்கு ஆசிரமத்திலேயே சமாதி எழுப்பினார்கள். அவள் முக்தி அடைந்தாள் என்று ரமணரே தமிழில் ஒரு வெண்பாவும் எழுதினார்.

மகாபாரதத்தின் கடைசிப் பயணத்தையும் அந்தப் பெரியவர் படித்திருப்பார். திரௌபதி விழுகிறாள், தம்பிகள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். தருமர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். அவ்வளவு இறுகிய மனிதர், நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்று இந்திரன் சொன்னதும் நின்றுவிடுகிறார். நம்பி வந்ததைக் கைவிட்டுத்தான் சொர்க்கம் என்றால் அந்தச் சொர்க்கமே வேண்டாம் என்கிறார். நாயாக வந்தது தர்மதேவதை என்பது பிறகுதான் தெரிகிறது. மறுத்துப் பேசிய நேரத்தில் அவருக்கு அது வெறும் நாய்.

நபிகள் நாயகம் சொன்ன ஒரு சம்பவமும் இதே இடத்தைத் தொடுகிறது. தாகத்தில் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்ட ஒருவர், கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டார். மேலே ஏற இரண்டு கையும் வேண்டும். காலணியை வாயில் கவ்விக்கொண்டு ஏறினார். இறைவன் அவரை மன்னித்தான். விலங்குக்குச் செய்வதற்கும் கூலி உண்டா என்று தோழர்கள் கேட்க, உயிருள்ள எதற்குச் செய்தாலும் உண்டு என்றார் நபிகள்.

இனி உங்கள் கண்ணீர். பதினான்கு வருடத்துப் பழக்கம் ஒரு மாதத்தில் அடங்காது. தியானத்தில் முகம் வந்தால் வரட்டும். விரட்டினால் இன்னும் வரும். அழுகை வந்தால் அழுது முடித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருங்கள், எழுந்து போகாதீர்கள். சாப்பாடும் தூக்கமும் கெட்டு அன்றாட வேலையே நின்றுபோகிற அளவுக்கு வந்தால் மட்டும் மருத்துவரிடம் பேசுங்கள், அதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொரு நாய்? இப்போது வேண்டாம். போனதன் இடத்தில் அதே சாயலில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து, அதே பெயரை வைப்பவர்கள் உண்டு. வந்த குட்டி பாவம், தான் யாரென்றே யாருக்கும் தெரியாமல் வளரும். சில மாதம் போகட்டும். பிறகு உங்கள் வயது, வேலை, வீட்டில் இருப்பவர்களின் சம்மதம் எல்லாவற்றையும் வைத்து, ஒரு குட்டிக்குப் பத்துப் பதினைந்து வருடம் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்று பட்டால், காப்பகங்களில் வயதான நாய்கள் இருக்கும். குட்டி கேட்டு வருகிறவர்கள் அவற்றின் கூண்டருகே நிற்பதில்லை. அவற்றுக்கு வேண்டிய பணிவிடை உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.