பிளாஸ்டிக் கழிவு ஏற்றுமதி: கண்காணிப்பு எங்கே நழுவுகிறது? (கேள்வி பதில்)

கேள்வி: தரம் பிரித்த பிளாஸ்டிக்கை வெளிநாட்டுக்கு அனுப்ப எப்போதும் முன் அனுமதி வேண்டுமா?

பதில்: இல்லை. நாடு விட்டு நாடு போகும் கழிவுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்பாடான பாசல் ஒப்பந்தத்தின் 2019 திருத்தம் 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது பிளாஸ்டிக் கழிவை மூன்று குறியீடுகளாகப் பிரிக்கிறது. சுத்தமான, மறுசுழற்சிக்கே போகிற பிளாஸ்டிக் பி3011. ஒப்பந்தப்படி அதற்கு முன் அனுமதி வேண்டாம். அபாயகரமானது ஏ3210, கலப்பு உட்பட மற்றதெல்லாம் ஒய்48. இந்த இரண்டையும் இறக்குமதி நாடு எழுத்தில் சம்மதித்த பிறகே கப்பலேற்றலாம். பி.வி.சி. எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பி3011-இல் சேராது.

கேள்வி: பாலிஎத்திலீன் (பி.இ.), பாலிப்ரோப்பிலீன் (பி.பி.), பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) மூன்றும் கலந்த பேல் (அழுத்திக் கட்டிய கட்டு) எதில் சேரும்?

பதில்: பி3011-இல் சேரும். ஆனால் போய்ச் சேரும் ஆலை மூன்றையும் தனித்தனியே மறுசுழற்சி செய்ய வேண்டும், அழுக்கும் ஏறக்குறைய இல்லாமல் இருக்க வேண்டும். அந்த "ஏறக்குறைய" எவ்வளவு என்று ஒப்பந்தம் எண் தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே போகும் சரக்குக்கு அங்குள்ள வழிகாட்டி 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது. எரிக்கப் போகிறது என்றால் பி3011 பொருந்தவே பொருந்தாது.

கேள்வி: துறைமுகத்தில் எதைச் சோதிப்பது?

பதில்: கதவோரப் பேலை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். நடுவிலிருந்தும் பின்னாலிருந்தும் பேல்களை இறக்கி, கட்டியிருப்பதை அறுத்து, கொட்டிப் பிரித்து, ஒவ்வொரு வகையையும் எடை போடுங்கள். ஈரம் எடையைக் கூட்டும், அதையும் குறியுங்கள். ஏற்றும் இடத்தில் காலி கன்டெய்னர், பாதி நிறைந்தது, முழுதும் நிறைந்தது, சீல் எண் என நான்கு படமாவது கேளுங்கள்.

கேள்வி: தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. உண்மையில் மறுசுழற்சி நடந்ததா என்று எப்படி அறிவது?

பதில்: பெரிய ஓட்டை இங்கேதான். பி3011 சரக்கோடு போகும் படிவம் அனுமதி அல்ல, வெறும் தகவல். அதனால் ஆலையின் கணக்கைக் கேளுங்கள். 100 டன் உள்ளே போய் 70 டன் குருணை (மறுசுழற்சியில் கிடைக்கும் பிளாஸ்டிக் மணிகள்) விற்பனையானால் மீதி 30 டன் எங்கே? கையிருப்பு, ஈரம், கழுவும்போது போன அழுக்கு, ஒதுக்கிய கழிவு என்று ஒவ்வொன்றுக்கும் எடைச்சீட்டு வேண்டும். ஒதுக்கிய கழிவுக்குக் குப்பைக்கிடங்கின் ரசீது இல்லையென்றால், அது வெளியே எரிந்திருக்கலாம் அல்லது ஆற்றங்கரையில் கிடக்கலாம். மின்கட்டணச் சீட்டையும் வாங்குங்கள். 70 டன் குருணை தயாரித்த ஆலைக்கு மின்சாரம் அதற்கேற்ப ஓடியிருக்கும். ஒய்48 சரக்குக்கு, வேலை முடிந்ததும் ஆலை சான்று அனுப்பியே ஆக வேண்டும்.

கேள்வி: தவறான சரக்கு வந்தால் யார் திரும்பக் கொண்டுபோக வேண்டும்?

பதில்: தவறு அனுப்பியவருடையது என்றால், தகவல் தெரிந்த 30 நாளில், அல்லது இரு நாடுகளும் ஒத்துக்கொண்ட கெடுவில், ஏற்றுமதி நாடு திரும்பப் பெற வேண்டும். இறக்குமதியாளர் தவறென்றால் அந்த நாடே அப்புறப்படுத்த வேண்டும். அதனால் யார் தவறு என்பதே முதல் சண்டையாகிறது. 2017 முதல் 2019 வரை பிரிட்டனிலிருந்து இலங்கைக்கு வந்த 263 கழிவுக் கன்டெய்னர்களில் முதல் 21 திரும்பியது 2020 செப்டம்பரில். கடைசி 45 கிளம்பியது 2022 பிப்ரவரியில். ஆகவே சந்தேகம் எழுந்த அன்றே படம், மாதிரி, சீல் எண்ணைப் பதிவு செய்துவிட்டு, சரக்கு கிடங்கை விட்டு நகராமல் தடுத்துவிடுங்கள். கலைந்துபோன சரக்கை யாருடையது என்று நிரூபிக்க முடியாது.