டிஎம்சி கணக்கு

கேள்வி: காவிரியில நமக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சின்னு கோர்ட்டே சொல்லிடுச்சு, அப்புறமும் ஏன் சார் ஜூன் வந்தா சண்டை? (கும்பகோணம் வாசகர்)

பதில்: ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி தண்ணி. 2007-ல காவிரி நடுவர் மன்றம் சொன்னது 192, 2018-ல சுப்ரீம் கோர்ட் அதுல 14.75-ஐ வெட்டி கர்நாடகாவுக்குக் குடுத்துடுச்சு, அதுல 4.75 பெங்களூருக்கு. சரி, போகட்டும். ஆனா இது சாதாரண மழை வருஷக் கணக்குங்க. கர்நாடக எல்லையில இருக்கற பிலிகுண்டுலுவுல அளந்து ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24-னு மாசாமாசம் வரணும், மழை பொய்ச்சா விகிதப்படி குறைச்சுக்கணும், அந்த விகிதத்துக்கு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஃபார்முலா இல்ல, வம்பே அங்கதான். வெள்ளம் மட்டும் கேக்காமலே வந்துடும்! மேட்டூர்ல பிடிக்கறது 93.47, மிச்சம் கொள்ளிடம் வழியா கடலுக்கு. ஆகஸ்ட் வெள்ளத்தை வச்சு ஜூன்ல எங்கேருந்து குறுவை நாத்து விடுறது?