அப்போ வலிக்கிறது யாருக்கு?

கேள்வி: 'நான்'னு ஒண்ணு இல்லன்னு புத்தர் சொன்னாராமே, என் நாத்தனார் மட்டமா பேசினா எனக்கு வலிக்குதே, அது யாருக்கு? ஈகோவ விடுன்னு சொல்றதும் இதுவும் ஒண்ணா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: வலி பொய்னு புத்தர் சொல்லவே இல்லம்மா. சாரநாத்ல முதல் அஞ்சு சீடர்கிட்ட அவர் சொன்னது, உடம்பு நெஜமாவே 'நான்'னா அது நோய்ல விழாது, இப்படி இருன்னா இருக்கும், ஆனா இருக்கறதில்லையேன்னு. உடம்போட நிறுத்தல, மனசுல நடக்கறதையும் சேத்து அஞ்சா பிரிச்சாரு, மணிமேகலைல அதுக்கு நல்ல தமிழே இருக்கு: உருவு (உடம்பு), நுகர்ச்சி (சுகமோ வலியோ உணர்றது), குறிப்பு (இது இன்னதுன்னு அடையாளம் காண்றது), பாவனை (மனசுல எழற எண்ணங்க), அறிவு (உணர்ந்து அறியறது). அஞ்சுமே மாறிக்கிட்டே இருக்கும்.

நம்ம பாலாற்றையே பாருங்க, வருஷக்கணக்கா வெறும் மணல், 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டு வெள்ளம், ரெண்டுக்கும் பேரு பாலாறுதான், ஆனா மணலும் தண்ணியும் கரையும் போக தனியா 'பாலாறு'ன்னு எதையாச்சும் எடுத்துக் காட்ட முடியுமா? அதுக்காக ஆறே இல்லன்னு யாரும் சொல்றதில்ல. வலியும் அப்படித்தான், அது வருது, போகுது, அதப் புடிச்சு 'என்னைச் சொல்லிட்டா'ன்னு நாம கட்டறதுதான் அந்த 'நான்'.

ஈகோ கொஞ்சம் வேற. பௌத்தத்துல அத மானம்பாங்க, நாம சொல்ற மான மரியாதை இல்ல, தன்னை மத்தவங்களோட ஒப்பிட்டுப் பாக்கற எண்ணம். நான் ஒசத்திங்கறது மட்டுமில்ல, நான் சமம், நான் மட்டம்னு நெனைக்கறதும் மானந்தான், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா தாழ்த்திக்கறத நாம அடக்கம்னு நெனைச்சுக்கறோம். 'நான்' நிலையானதுங்கற எண்ணம் விடுதலைக்குப் போற வழில முதல் படியிலயே உடையுமாம், இந்த மானம் கடைசியா அரகந்தர், அதாவது முழுசா விடுதலை அடைஞ்சவர், ஆனாத்தான் போகும். அதனால நாத்தனார் பேச்சு இன்னும் சுடுதேன்னு உங்களையே திட்டிக்காதீங்க.